எக்ஸ்ரேயில் தெரிந்த கரும்புள்ளி

(நமது சங்கத்தின் சித்தூர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னை அழைத்தபோது, "ஆன்மிகமாக ஏதாவது பேசுங்கள்" என்றுதான் சொன்னார். அதற்குத் தகுதியுள்ள பெரியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அடியேன் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, அரசாங்கக் கருவூலத்தில் 34 வருஷம் பில் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் வாய்க்குள் நடந்த ஒரு விஷயத்தையே பேசப் போகிறேன். இங்கே பலரும் அறுபதைத் தாண்டியவர்கள். பல் டாக்டரின் நாற்காலி நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

மூன்று வருஷங்களுக்கு முன், கீழ்த்தாடையில் இடது பக்கம் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய கடைவாய்ப் பல்லில் கூச்சம் ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர். பல் தேய்த்தால் சுரீர். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார்கள். வேரின் நுனியில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. "வேரில் சீழ் கோத்திருக்கிறது. ரூட் கெனால் செய்து மேலே கேப் போட வேண்டும், நாளைக்கே வந்துவிடுங்கள்" என்றார் டாக்டர். நானும் தலையாட்டிவிட்டேன். படம் கண்ணெதிரே இருக்கும்போது என்ன வாதம் செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்ததும் என் ஆத்துக்காரி, "ராத்திரி தூக்கம் கெடற மாதிரி வலியே இல்லைங்கறேள். அப்புறம் சீழ் எங்கேர்ந்து வந்தது? இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டுப் பண்ணிக்கோங்கோளேன்" என்றாள்.

நமக்கு இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் திருப்பதி. 2022ல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்துவிட்டாலும் வைத்தியத்துக்கு ஜில்லா எல்லை கிடையாது. திருப்பதியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். முதலில் பல்லை லேசாகத் தட்டினார். வலிக்கவில்லை. பிறகு பஞ்சில் குளிர் மருந்து நனைத்துப் பல்லில் வைத்தார். சுரீர் என்றது, எடுத்ததும் போய்விட்டது. "நரம்பு உயிரோடுதான் இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தார். அதில் அந்தக் கரும்புள்ளி வேர் நுனியை விட்டுத் தள்ளி நின்றது!

"சீழ் என்றால் வேரோடு ஒட்டியே இருக்கும் சார். இது உங்கள் தாடை எலும்பில் இயற்கையாகவே உள்ள துவாரம். மென்டல் ஃபோரமென் என்று பெயர்" என்றார். மென்டல் என்றதும் என் ஆத்துக்காரி என் தலையைப் பார்த்தாள். லத்தீனில் 'மென்டம்' என்றால் முகவாய்க்கட்டை, அவ்வளவுதான். கீழ்த்தாடைக்குள் ஓடிவரும் நரம்பின் ஒரு கிளை இந்தத் துவாரம் வழியாக வெளியே வந்து கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. இரு பக்கமும் உண்டு. உங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

கூச்சத்துக்குக் காரணம் வேறு. ஐம்பது வருஷமாகப் பல்பொடியைப் போட்டு அழுத்தித் தேய்த்ததில், ஈறு ஓரமாகப் பல் குழிந்து தேய்ந்திருந்தது. அதை அடைத்தார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

இப்போது பௌதிகத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே என்பது நிழல். அடர்த்தியான பொருள் கதிரைத் தடுக்கும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். தடுக்காத இடம் கறுப்பாகத் தெரியும். பல்லின் மேல்பூச்சான எனாமல் நல்ல வெளுப்பு. அதற்குள் டென்டின் சாம்பல் நிறம். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ் கறுப்பு. வேரைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். பல்லை எலும்போடு பிணைக்கும் நார் அங்கே இருக்கிறது. அதற்கு வெளியே ஒரு வெள்ளைக் கோடு, 'லாமினா டியூரா' என்பார்கள். அது பல் குழியின் எலும்புச் சுவர். வேர் நுனியில் நோய் வந்தால் பெரும்பாலும் இந்த வெள்ளைக் கோடு அங்கே அறுபட்டிருக்கும். என் படத்தில் அறுபடாமல் இருந்தது.

நிழலில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றாகிவிடும். எலும்பின் வெளிப்பக்கத்தில் உள்ள துவாரம், வேர் நுனியில் இருப்பது போலத் தோன்றியது அதனால்தான். குழாயை நகர்த்தினால் நிழல்கள் பிரியும். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால் அண்ணத்தில் இன்னொரு துவாரம் உண்டு. அதுவும் கட்டி போல ஏமாற்றும். மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. சளி பிடித்து அங்கே வீக்கம் வந்தால், குனியும்போது மேல் பற்கள் வரிசையாக வலிக்கும். பல்லின் மேல் தப்பே இருக்காது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. தாதுச்சத்து சுமார் 30, 40 சதவீதம் கரைந்த பிறகே கறுப்பு தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். ஆகவே படம் ஒன்று, டாக்டரின் பரிசோதனை ஒன்று, நோயாளி சொல்லும் வலி ஒன்று. மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஆட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தம் வாயில் கண்ணாடித் தகட்டை வைத்து, 25 நிமிஷம் அசையாமல் படுத்து, தம் பற்களைப் படம் எடுத்தார். இன்று ஒரு விநாடிகூட ஆவதில்லை.

இதில் நம்மவர் ஒருவரின் பங்கு பெரியது. 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிரின் உதவியால் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டார்கள். டென்டினிலும், பல்லைப் பிணைக்கும் நாரிலும் முக்கியமாக இருப்பது அந்தக் கொலாஜன்தான். பிறகு 1971ல் ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் வடிவத்தைத் திரும்பக் கட்டுவதற்குச் சுருக்கமான ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் துறையில் 'ராம்-லாக் ஃபில்டர்' என்று இன்றும் அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். பல் மருத்துவத்துக்கான கோன் பீம் சி.டி. 1990களின் இறுதியில் வந்தது. அதன் கணக்கும் இந்த வழியில் வந்ததே. திருப்பதி டாக்டர் குழாயை ஒரு தடவை நகர்த்தினார். அந்த இயந்திரம் தலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான தடவை நகர்த்துகிறது. தத்துவம் ஒன்றுதான்.

இம்ப்ளான்ட் வைக்கும்போதும், புதைந்த ஞானப்பல்லை எடுக்கும்போதும் கோன் பீம் மிகவும் உதவும். நான் சொன்ன நரம்பில் ஊசி முனையளவு பட்டாலும் உதடு மரத்துப்போகலாம். சாதாரணச் சொத்தைக்கு அது தேவையில்லை.

கதிர் பற்றிப் பயம் வேண்டாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாகக் கிடைப்பது உலக சராசரியில் வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஒரு சிறிய பல் படத்தில் கிடைப்பது சுமார் ஒரு நாளைய அளவு, அல்லது அதற்கும் குறைவு. தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. என்றால் சில நாட்களின் அளவு. கோன் பீம் இதைவிடப் பல மடங்கு அதிகம் ஆகலாம். ஈயக் கவசம் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024ல் சொல்லிவிட்டது. இங்கே போர்த்தினால் போர்த்திக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் காரணமில்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

முடிவாக மூன்று வேண்டுகோள். முதலாவது, உங்கள் படத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பழைய படமும் புதிய படமும் அருகருகே இருந்தால் டாக்டருக்கே சௌகரியம். இரண்டாவது, கரும்புள்ளி என்றால், "குளிர் வைத்துப் பார்த்தீர்களா, வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுக்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது, நிஜமாகவே சீழ் என்று உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். ரூட் கெனால் பல்லைக் காப்பாற்றுகிற வைத்தியம்தான். என் பல்லுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவே.

கருவூலத்தில் எங்கள் பழைய மேலதிகாரி ஒருவர், ஒரே ஒரு வவுச்சரைப் பார்த்துப் பில்லை நிறுத்தவும் விடமாட்டார், பாஸ் செய்யவும் விடமாட்டார். "லெட்ஜரை எடுத்துண்டு வா" என்பார். அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். எழுபது வயதுக்கு மேல், திருப்பதியில் அந்தப் பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அவரை மனதுக்குள் நமஸ்கரித்துக்கொண்டேன்.