செஞ்சிக் கோட்டையும் அதன் கடைத்தெருவும்

(ஸ்ரீ மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘செஞ்சியின் பெருமை’ என்பது. பெருமை என்றவுடன் நம்மவர் நாவில் முதலில் வருவது தேசிங்கு ராஜன் கதை. அவன் ஏறிய குதிரையைப் பற்றிக் கூடக் கூத்திலும் கதைப்பாடலிலும் பாடியிருக்கிறார்கள். அந்தக் குதிரைக்குக் கொள் அளந்து கொடுத்த வணிகனைப் பற்றி எவரும் பாடவில்லை. மலை மேல் நிற்கும் கோட்டையை விட்டுச் சற்றே கீழிறங்கி, அந்த வணிகன் கடை விரித்திருந்த தெருவைப் பற்றி இன்று பேசலாம் என எண்ணுகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாளங்காடி, அல்லங்காடி என்று பகற்கடைக்கும் இரவுக்கடைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம் மொழி. புகார் நகரின் வீதிகளை விரிவாகக் காட்டிய சிலப்பதிகாரத்தை இயற்றிய இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்று அறிஞர் பலர் கொள்வர். தெருவைப் பாடுவது தாழ்ந்த செயல் என அவர் கருதவில்லை. பிற்காலத்தில்தான் நமக்கு வரலாறு என்றால் அரசன், போர், முற்றுகை என்று ஆகிவிட்டது.

செஞ்சியின் அமைப்பை நீங்கள் நன்கறிவீர்கள். மேற்கே இராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சிப்பாய்கள் தங்குவதற்கு மட்டும் இவ்வளவு பெரிய வளைவு வேண்டியதில்லை. உள்ளே ஓர் ஊர் இருந்தது. கோயில்கள், குளங்கள், பெரும் பெரும் களஞ்சியங்கள், குதிரை லாயங்கள் எல்லாம் அவ்வூரின் எச்சங்களே. ‘செட்டிகுளம்’ என்னும் பெயரே வணிகன் இங்கு வாழ்ந்த கதையைச் சொல்கிறது. களஞ்சியத்தை நிரப்ப நெல் வண்டிகள் வந்திருக்க வேண்டும்; வண்டி வந்தால் தெரு வேண்டும்; தெரு இருந்தால் கடை வரும்.

கோன் மரபினர் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் இக்குன்றுகளில் அரண் அமைக்கத் தொடங்கினர் என்பர். 16ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தின் சார்பில் ஆண்ட நாயக்கர் காலத்தில்தான் ஊர் பெருத்தது. 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசு சபைப் பாதிரியார், தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதனினும் பெரியது இல்லை என்றும், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர எந்த ஊரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதி வைத்தார். விருந்தினர் சற்று மிகைப்படுத்துவது வழக்கம்தான். அதற்குக் கழித்துக்கொண்டாலும் மிஞ்சுவது ஒரு பெருநகரமே. அக்காலத்தில் தேவனாம்பட்டினமும் பறங்கிப்பேட்டையும் செஞ்சி நாயக்கரின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்கள். கடற்கரையிலிருந்து மேற்கே செல்லும் சரக்குக்கும், மேற்கிலிருந்து கடலுக்கு இறங்கும் துணிக்கும் தவசத்திற்கும் இது இடைவழி ஊர்.

பிறகு வந்தது படையெடுப்புகளின் நூற்றாண்டு. 1649இல் பீசப்பூர்ச் சுல்தானின் படை, 1677இல் சிவாஜி, 1690 முதல் 1698 வரை முகலாயரின் நெடிய முற்றுகை. ஊருக்குப் பெயர் கூட நிலைக்கவில்லை. பீசப்பூரார் பாதுஷாபாத் என்றனர். முகலாயர் நஸ்ரத்கட் என்றனர். எத்தனை பெயர் வைத்தாலும் சந்தைக்கு வந்த உழவன் செஞ்சி என்றுதான் சொல்லியிருப்பான், ஆகவே அதுவே நிலைத்தது. அந்த எட்டாண்டு முற்றுகையில் இராஜாராமின் வீரம் எழுதப்பட்டிருக்கிறது, சுல்பிகர்கானின் தந்திரம் எழுதப்பட்டிருக்கிறது. மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குள் காத்திருந்தவர்களைப் பற்றி ஒரு வரி தேடிக் களைத்தேன்.

ஆயினும் அக்கடைத்தெருவைக் கொன்றது போர் என்று நான் நினைக்கவில்லை. போர் முடிந்தால் கடை மீண்டும் திறக்கும். முகலாயர் கருநாடகத்தின் தலைமையிடத்தை, நீரும் காற்றும் ஒவ்வாத ஊர் என்று கருதிச் செஞ்சியிலிருந்து ஆர்க்காட்டுக்கு மாற்றினார்கள். மெய்யான அடி அதுதான். கச்சேரி போனால் கணக்கர் போவார். கணக்கர் போனால் துணிக்கடைக்காரர் போவார். பின்னர் பொற்கொல்லரும் போவார். 1714இல் தேசிங்கு வீழ்ந்தபோது செஞ்சியின் செல்வாக்கில் பெரும் பகுதி அதற்கு முன்பே வடக்கே போய்விட்டிருந்தது. கிழக்கிலும் இழப்பு நேர்ந்தது. 1674 முதல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஊன்றினர். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். கடல் வாணிகத்தின் ஆதாயம் கடற்கரையிலேயே தங்கத் தொடங்கியது.

1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஓரிரவில் கோட்டையைப் பிடித்தது. பிடித்தவர்களும் சுகப்படவில்லை. பத்தாண்டுகளில் காய்ச்சலால் மட்டும் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை அவர்கள் இங்கே இழந்ததாகச் சொல்லப்படுகிறது. 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் இதற்கு இராணுவ மதிப்பும் இல்லாது போயிற்று. வேங்கடரமணர் கோயிலின் நெடுந்தூண்கள் புதுச்சேரிக்கு வண்டியேறின. இன்று அந்நகரின் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவையே.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேல்சித்தாமூர் ஆலயத்துத் திருப்பணிக்கும் செஞ்சிக் கோட்டையின் சிற்பக் கற்கள் சில வந்து சேர்ந்தன என்பது நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பிரெஞ்சுக்காரர் தூணைக் கொண்டு போனார்கள் என்று மேடையில் குறைபடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. கேட்பாரற்ற ஊரின் கல்லை அக்காலத்தில் எல்லோருமே எடுத்தார்கள். நம்மிடம் வந்த கல் வழிபாட்டில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

கோட்டைக்குள் இருந்த ஊர் கலைந்தபின், மதிலுக்குக் கிழக்கே இன்றைய செஞ்சி வளர்ந்தது. அதன் நடுநாடி காந்தி பஜார். அரண்மனை எதுவும் அதற்கு உயிர் கொடுக்கவில்லை. மல்லாட்டையும் நெல்லும் கொடுத்தன. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருபவர்களும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு மூட்டை ஏற்றி வருபவர்களும் கையில் காசு வந்தவுடன் இறங்கிய இடம் அது. மேல்சித்தாமூர், அகலூர், தாயனூர், வீடூர், பெருமண்டூர் முதலிய ஊர்களின் நயினார் குடும்பங்கள் பலவற்றிற்கு வீட்டுக் கலியாணம் என்றால் பாத்திரமும் புடவையும் காந்தி பஜாரில்தான். கூட்டுரோட்டில் இறங்கி, மஞ்சள் பையுடன் தெருவின் இருமருங்கும் விலை கேட்டு, வெயில் சாயும் முன் வண்டி பிடித்து ஊர் திரும்பிய தலைமுறை இந்த அவையிலும் அமர்ந்திருக்கிறது.

அத்தெருவும் இப்போது இளைத்து வருகிறது. பெரிய கடைகள் திண்டிவனம் சாலைக்கும் திருவண்ணாமலைச் சாலைக்கும் நகர்கின்றன. பொருள்கள் கைப்பேசி வழியே வீட்டுக்கு வருகின்றன. திண்டிவனம் முதல் திருவண்ணாமலை வரையிலான இரயில் பாதையோ அறிவிப்பாகவே ஆண்டுகளைக் கடத்துகிறது. இந்த நிலையில்தான் 2025 சூலை 11 அன்று மராத்தியப் போர்நிலக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்றப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. தமிழகத்திற்கு இது ஒன்றே.

மகிழ்ச்சிதான். ஆயின் வெளியூர்ப் பேருந்து நேரே கோட்டை வாயிலில் நிற்கிறது. பயணிகள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், தண்ணீர்ப் புட்டியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுள் காந்தி பஜாருக்குள் நுழைபவர் எத்தனை பேர்? சிங்கவரத்திற்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண்பவர் எத்தனை பேர்? 57 நாள் அனசனம் நோற்று அங்கே உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு, தமிழ் எழுத்தின் வளர்ச்சியைக் கற்போர் அனைவரும் தேடி வரவேண்டிய ஒன்று. கோட்டையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தூரம் கூட இராது.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே தொடங்கும் சாந்தினி சௌக்கைப் பாருங்கள். 1650ஆம் ஆண்டளவில் இளவரசி ஜகானாரா அமைத்த கடைவீதி. அதன் தலைப்பிலேயே நம் திகம்பர லால் மந்திர் இருக்கிறது. நெரிசலில் மூச்சுத் திணறிய அவ்வீதியைச் சீரமைத்து, பகல் முழுதும் மோட்டார் வண்டிகளை விலக்கி, 2021இல் நடைவீதியாகத் திறந்தார்கள். எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. சரக்கு இறக்க இடமில்லை என்று வணிகர்கள் முறையிடவும் செய்தார்கள். ஆனாலும் கோட்டையும் கடைவீதியும் ஒரே ஊரின் இரு பகுதிகள் என்ற எண்ணம் அத்திட்டத்தில் இருந்தது. செஞ்சியில் கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பு, தெரு பேரூராட்சியின் பொறுப்பு, சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. மூவரும் கூடிப் பேச ஒரு மேசை வேண்டும். சந்தை நாளான வெள்ளிக்கிழமை மட்டுமாவது காந்தி பஜாரில் வண்டிகளை விலக்கிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. வணிகப் பெருமக்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஒரு மாதம் செய்து பாருங்கள், வியாபாரம் குறைந்தால் என்னைத் திட்டுங்கள்.

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னேன். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இவ்வவையில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. பரண் மேல் பழைய பேரேடுகள், நாள்வழிக் குறிப்புகள், அடகுச் சீட்டுகள், கலியாணச் சாமான் பட்டியல்கள் கிடக்கும். பொங்கலுக்கு முன் வீடு ஒழிக்கும்போது அவைதாம் முதலில் பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன. சென்ற ஆண்டு நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு வீட்டில் ஒரு சாக்கு நிறையப் போய்விட்டது. எந்த ஆண்டு மல்லாட்டை விலை ஏறியது, எந்த ஊரார் கடன் வாங்கினர், பஞ்சத்தில் யார் தள்ளுபடி செய்தார் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும்.

அவற்றை விலைக்குப் போடாமல் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தர ஏற்பாடு செய்யலாம். பழைய எழுத்தையும் அளவைக் குறியீடுகளையும் படிக்க, ஞாயிறு காலைகளில் மாணவர்களுக்குச் சொல்லித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் உரை முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் கொடுக்கலாம்.