இரத்தத்தை மறைக்க வேண்டாம்

(கெடா தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றியெல்லாம் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வெளியில் சொல்லக் கூசுகிற ஒரு சங்கதியைப் பேசப் போகிறோம். மலத்தோடு இரத்தம் போவதே அது. கூச்சத்துக்கு உயிரை விலையாகக் கொடுக்கலாகாது என்பதால்தான் இந்தப் பேச்சு.

செக்ரோல் எழுதுகிற நமக்குத் தெரியும். "வயிற்றுவலி", "இடுப்புவலி" என்றுதான் லீவு கேட்பார்கள். நெருங்கி விசாரித்தால், "சூட்டு உடம்பு கிராணி, மூலந்தான், மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்பார்கள்.

மூலமாக இருக்கலாம்; பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, மலத்தை அடக்கி, தண்ணீர் குடிக்காமல் பால் வெட்டுகிறவருக்கு மலச்சிக்கல் வருவது இயற்கை. முக்கி முக்கி மூலம் தள்ளும், ஆசனவாய் வெடிக்கும். அப்போது இரத்தம் சிவப்பாகச் சொட்டும். தண்ணீர், கீரை, பழம் இவற்றைக் கூட்டினால் பலருக்குத் தணியும். ஆனால், "மூலந்தான்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? நாமல்ல, பக்கத்து வீட்டுக்காரருமல்ல, பார்க்காமலே ஊசி போடுகிறவருமல்ல. பரிசோதித்த டாக்டர்தான்.

ஏனெனில், பெருங்குடல் புற்றுநோயும் இதே இரத்தத்தைக் காட்டித்தான் வரும். 2012 முதல் 2016 வரையிலான மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இதுதான்; பெண்களுக்கு மார்புப் புற்றுக்கு அடுத்தபடி இது. பத்து நோயாளிகளில் ஏழு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். காலம் கடந்து வருவதே நம் பெரிய சத்துரு!

அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்கு 1985இல் குடலில் புற்றுக்கட்டி இருப்பதைக் கண்டு அறுத்தெடுத்தார்கள். அவர் 2004 வரை, 93 வயது மட்டும் வாழ்ந்தார். நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016இல் தெரிந்தபோதே நோய் மூன்றாம் நிலை. 2020இல், 43 வயதிலேயே மறைந்தார். வாலிபம் இதற்குக் காவலல்ல என்பதையும் மறக்கலாகாது.

எப்போது டாக்டரிடம் போவது? நன்றாகக் கேளுங்கள்.

இரத்தம் நிற்காமல் கொட்டினால், கட்டி கட்டியாகப் போனால், மயக்கமோ படபடப்போ வந்தால், மலம் தார்போல் கறுத்து நாறினால், இரத்த வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 999க்கு அழையுங்கள். இடுப்புவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி இப்படிக் கறுப்பாகப் போகச் செய்வதுண்டு. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். சிவப்பு டிராகன் பழம் தின்றாலும் சிவக்கும். சந்தேகமானால் கேட்டுத் தெளியுங்கள்.

மலங்கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தால், உடம்பு காரணமின்றி இளைத்தால், சோகை பிடித்து மூச்சு வாங்கினால், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் தள்ளிப் போடாமல் போங்கள். இவை எதுவும் இல்லாமல் கொஞ்சம் இரத்தம் மட்டும் கண்டாலும், ஒருமுறை காட்டிவிடுவதே புத்தி.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. 50 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்கள், நோய்க்குறி இல்லாவிட்டாலும், அங்கே மலப் பரிசோதனை கேட்கலாம். இரத்தம் கண்டவர்கள் அந்தப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தேவையானால் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். முதல்நாள் குடலைச் சுத்தம் செய்து, மயக்கம் தந்து, கேமரா வைத்த குழாயால் குடலைப் பார்ப்பார்கள். புற்றாக மாறக்கூடிய சிறு வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம். அத்தகைய வளர்ச்சி புற்றாவதற்கு ஆண்டுக்கணக்காகும். அந்த ஆண்டுகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

"ஒருநாள் கூலி போகுமே" என்பீர்கள். போகாது! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது: இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு. டாக்டர் சான்றிதழ் வேண்டும். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால், வராத நாளாக எழுதிவிடுவார்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டைக் கொண்டுவரும் தொழிலாளியிடம் பெரட்டுக் களத்தில் நாலு பேர் கேட்க, "என்ன நோய்?" என்று உரக்கக் கேட்காதீர்கள். சான்றிதழை வாங்குங்கள், பதியுங்கள், வாயை மூடுங்கள். ஒரு தாய் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனால் அந்தப் பாவம் நம் பேனாவைச் சேரும்.

தோழர்களே! பட்டையில் புண் கண்டால் அன்றே மருந்து பூசி மரத்தைக் காப்பாற்றுகிறோம். நம் உடம்புக்கு அந்த மரியாதை இல்லையா? இரத்தம் கண்டால் மறைக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். விடுப்பு மறுக்கப்பட்டால் சங்கத்திடம் வாருங்கள். நாம் இருக்கிறோம்.