ஐயத்தைச் சொல்லும் இயந்திரம்

தானாகப் பறக்கும் கருவியை நம்பலாமா என்று கேட்டால், அது எத்தனை முறைக்கு ஒரு முறை பழுதாகும் என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் பதிலாகத் தருகிறார்கள். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தனக்குக் கிடைக்கும் தகவலே சந்தேகத்துக்குரியதாகும்போது, அந்தக் கருவி அதை மனிதரிடம் சொல்கிறதா? சொல்லாத கருவி லட்சம் முறை சரியாகப் பறந்திருந்தாலும், அதன்மேல் வைக்கும் நம்பிக்கை குருட்டு நம்பிக்கைதான் என்பது என் வாதம்.

இதைக் கேட்டதும், இயந்திரத்தை விட மனிதரை நம்புவதே மேல் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக்கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கின. மோதலைத் தவிர்க்கும் கருவி ரஷ்ய விமானத்தை ‘மேலே ஏறு’ என்றது. எதிரே வந்த சரக்கு விமானத்தை ‘கீழே இறங்கு’ என்றது. சூரிச்சில் தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளரோ ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். ரஷ்ய விமானிகள் மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். இரண்டுமே இறங்கி மோதின. 71 பேர் இறந்தனர், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அன்று இயந்திரம் சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் எதற்கு முதலிடம் என்பதை அன்றைய விதிகளும் கையேடுகளும் ஒரே குரலில் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பான் வானில் இதே குழப்பத்தில் இரண்டு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தும், விதி உடனே திருந்தவில்லை. எதை நம்புவது என்ற முடிவை நடுவானில் சில நொடிகளில் எடுக்கும்படி விமானிகள் தலையில் கட்டியதே அங்கு நடந்த பிழை.

போயிங் 737 மேக்ஸ் விவகாரம் இதற்கு நேர் எதிரானது. அந்த விமானத்தில் பெரிய இன்ஜின்களை முன்தள்ளிப் பொருத்தியதால், சில நிலைகளில் மூக்கு அளவுக்கு மீறி எழும்பக்கூடும். அதைத் தடுக்க எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அது விமானியைக் கேட்காமலே வால் சிறகைத் திருப்பி மூக்கைக் கீழே அழுத்தும். காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்க விமானத்தில் இரண்டு சென்சார்கள் இருந்தும், எம்காஸ் ஒரு பயணத்தில் ஒன்றின் பேச்சை மட்டுமே கேட்டது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமே இல்லை. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில், புதிதாக மாற்றிப் பொருத்திய சென்சார் 21 டிகிரி பிசகாகக் காட்டியது. மூக்கு தானாகத் தாழ்ந்துகொண்டே போனது. விமானிகள் வால் சிறகின் மின்விசையைத் துண்டிக்கும் ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றியே ஜகார்த்தாவில் தரையிறக்கினார்கள். எதனோடு போராடினோம் என்பது அவர்களுக்கே தெரியாது. பதிவேட்டில் அவர்கள் எழுதிய குறிப்பும் முழுமையாக இல்லை. மறுநாள் காலை அதே விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அடுத்த மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே ரக விமானம் விழுந்து 157 பேர். இந்தியாவில் பிறந்த உளவியலாளர் ராஜா பரசுராமன், விக்டர் ரைலியோடு சேர்ந்து 1997இல் எழுதிய கட்டுரையில், இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்புவதையும் நம்ப மறுப்பதையும் தனித்தனியே விளக்கியதோடு நிற்கவில்லை. மனிதர்மேல் என்ன விளைவு வரும் என்று பாராமல் தானியங்கியைத் திணிப்பதை மூன்றாவது தவறாக வைத்தார். மேக்ஸில் நடந்தது அந்த மூன்றாவது. 20 மாதத் தடைக்குப் பின் அமெரிக்கா அனுமதித்த புதிய எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. இரண்டும் 5.5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் தானே ஒதுங்கிக்கொள்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இயந்திரம் தன் ஒவ்வொரு ஐயத்தையும் சொல்லத் தொடங்கினால் விமானி அறை எச்சரிக்கை மணிகளால் நிறைந்துவிடாதா என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். வலுவான மறுப்புதான். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் பதிவைப் பார்த்தால், சிக்கல் மணிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்ததும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானிகள் மூக்கைத் தூக்கியதால் இறக்கைகள் தாங்கும் திறனை இழந்தன. அளவிட்ட வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்குக் கீழே போனால் கோண அளவை நம்ப முடியாது என்று கருதி, அந்த இழப்பை அறிவிக்கும் எச்சரிக்கை அடங்கிவிடும்படி வடிவமைத்திருந்தார்கள். அதனால் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூடியபோது எச்சரிக்கை மீண்டும் அலறியது, தூக்கியபோது அடங்கியது. ‘ஆபத்து இல்லை’ என்பதற்கும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கும் அந்தக் கருவியிடம் ஒரே மௌனம்தான் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டக் கூடுதல் மணி எதுவும் தேவையில்லை. 228 பேர் இறந்தனர்.

ட்ரோனுக்கு வரும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. விமானத்தில் ஏறுபவர் டிக்கெட் வாங்கி ஏறுகிறார். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் பறக்கும்போது பக்கத்து வரப்பில் களையெடுக்கும் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. செயற்கைக்கோள் சிக்னல் குறைந்தால் பல ட்ரோன்கள் நின்ற இடத்தில் நிற்காமல் காற்றோடு நகரும். தொடர்பு அறுந்தால் ‘வீடு திரும்பும்’ வசதி, முன்பே குறித்த உயரத்தில், முன்பே பதிந்த இடத்துக்கு அதைக் கொண்டுவரும். அந்த உயரத்தை விட நெடிய தென்னை வழியில் நின்றால், தடையை உணரும் சென்சார் இல்லாத ட்ரோனுக்கு அது தெரியாது. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் சொல்வது நல்ல தொடக்கம். அந்த அறிக்கைகள் தமிழ் உட்பட அந்தந்த மாநில மொழியில் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். சான்றிதழ் தருமுன், தெளிவான வானில் எவ்வளவு துல்லியமாகப் பறக்கிறது என்பதோடு, சிக்னலைத் துண்டித்தும் சென்சாரைப் பொய் சொல்ல வைத்தும் அது என்ன செய்கிறது என்று சோதிக்க வேண்டும். தொழில் ரகசியம் என்று காரணம் காட்டி இதைத் தவிர்க்க முயலும் தயாரிப்பாளருக்குச் சான்றிதழ் தரக்கூடாது.