உருளை கற்பித்த பொறுமை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உருட்டாலையைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். அப்பளம் இடும் தாய்மார்களுக்கு இப்பொருள் புதிதன்று. மாவை மெலிதாக்குவது குழவி. உலோகத்தை மெலிதாக்குவன உருளைகள். தாயின் கை மேடுபள்ளம் உணர்ந்து அழுத்தத்தை மாற்றும். அவ்வுணர்வை இயந்திரத்துக்கு ஊட்டுவதே தன்னியக்கக் கட்டுப்பாடு.

அண்மையிலுள்ள சேலத்தை நினையுங்கள். 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் உருக்காலை, 1982 முதல் துருவேறா எஃகைத் தகடாக உருட்டி வருகிறது. அங்குள்ள சென்ட்சிமிர் இயந்திரத்தில் தகட்டைத் தொடுபவை இரண்டு மெல்லிய உருளைகளே. அவை வளையாதவாறு பதினெட்டு உருளைகள் பின்நின்று தாங்குகின்றன. நம் வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் இத்தகைய தகட்டில் பிறப்பதே.

இப்பெங்களூரில் விமானத் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும் தோன்றின. நம் முன்னோர் பலர் கைத்திறனை நம்பி இங்கே குடியேறினர். “இயந்திரமே உணர்ந்து இயங்கினால் கைத்திறனுக்கு ஏது இடம்?” என்று பெரியவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அதற்கு எங்கள் பிழை ஒன்றையே விடையாகக் கூறுகிறோம்.

இளமையில் ஓர் ஆலைக்குக் கட்டுப்பாட்டுக் கருவி அமைத்தோம். கனம் அறியும் எக்ஸ்-கதிர் அளவி, உருளைக்கு இரண்டு மீட்டர் அப்பால் நின்றது. தகடு நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடியது. எனவே, பிழை அளவிக்குத் தெரிய 0.4 நொடி ஆகும். எங்கள் கருவியோ பொறுக்காமல் திருத்தத்தின்மேல் திருத்தம் செய்தது. தடித்தது மெலிந்தது, மெலிந்தது மீண்டும் தடித்தது. சுருள் முழுதும் வீணாயிற்று.

அருகில் நின்ற முதிய தொழிலாளி, “தம்பிகளே, செய்த மாற்றம் வெளியே வந்து தெரியட்டும், பிறகு மற்றொன்று செய்யுங்கள்” என்றார்.

நாங்கள் நாணினோம். அத்தாமதத்தை முன்கணக்கிட்டு ஆளும் முறையை ஓட்டோ ஸ்மித் என்னும் அறிஞர் 1957இலேயே வெளியிட்டிருந்தார். வேறொரு வழியும் உண்டு. உருட்டும் விசையால் இயந்திரச் சட்டம் வில்போலச் சிறிது நீளும். உருளைகளின் இடைவெளியோடு அந்நீட்சியைக் கூட்டினால், தகட்டின் கனம் அக்கணமே புலப்படும். ஏடு படித்த நாங்கள் மறந்ததை, நாள்தோறும் தகட்டை நோக்கிய கண் மறக்கவில்லை.

திருகைப் பிடித்த கைகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. அதை மறைப்பது அறமன்று. ஆயினும், அக்கைகள் அறிந்ததை அறியாமல் நல்ல கருவி அமைக்க இயலாது. ஆதலின் ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு மாலை, ஓய்வுபெற்ற நம் தொழிலாளர்கள் இம்மன்றத்தில் பேசட்டும், நம் மாணவர்கள் அதனைத் தமிழில் எழுதி வைக்கட்டும். அவ்வறிவு அவர்களோடு மறைந்துவிடலாகாது.