கூதிர்காலத்தில் ஓர் இலை



ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்பர் நம் முன்னோர். மாலையில் மழை பிடித்துக்கொண்டால், எங்கள் காந்திபுரத்தில் வெளியே செல்ல இயலாது. அவ்வோய்வுக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஒன்றைக் கூற விரும்புகின்றேன். அதுவே இலை சேர்த்தல்.

இலையைப் பழைய செய்தித்தாளின் மடிப்பில் விரித்து வைத்து, அதன்மேல் கனத்த நூல்களை அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஈரம் மிகுதி. ஆதலின் தாளை நாள்தோறும் மாற்றவேண்டும். இன்றேல் பூசணம் படரும். நன்கு உலர்ந்தபின் அட்டையில் ஒட்டி, மரத்தின் பெயர், இடம், நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பில், நூறாண்டு கடந்த செடிகளும் இவ்வாறே காக்கப்பட்டு வருகின்றன.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்து இலைகள் ஒட்டிவருமாறு மாணவரைப் பணித்தேன். ஒருவன் மட்டும் ஒரே இலையைக் கொணர்ந்தான். அது காற்றில் சாய்ந்துவிட்ட அவன் வீட்டு வேம்பின் இலை. மரம் வீழ்ந்த நாளையும் அடியில் குறித்திருந்தான். நானோ எண்ணிக்கையை மட்டுமே பார்த்தேன். பத்து மதிப்பெண்ணுக்கு ஒன்றே இட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

ஓய்வுபெற்றபின், என் வீட்டு முற்றத்துப் புங்கின் இலையை ஒட்டும்போதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. மற்றவர்கள் பாடத்தை முடித்தார்கள். அவன் ஒரு மரத்தைக் காத்து வைத்தான்.

மாணவர்களே, மதிப்பெண்ணை நாடி இதனைச் செய்யாதீர்கள். ஓர் இலையே போதும். அது நீங்கள் அறிந்த மரத்தின் இலையாக இருக்கட்டும்.