வழியே இன்பம்!

நடுவர் அவர்களே! எதிரணியில் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் அருமை நண்பர்களே! பொழுது சாய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே!

இன்றைய தலைப்பு: "இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது போய்ச் சேரும் இடமா? போகும் வழியா?" எனக்கு முன்னாலே பேசிய நண்பர் நாற்காலி நுனிக்கு வந்து முழங்கிவிட்டுப் போனார். "குறி முக்கியமய்யா! நம்ம கொல்லிமலை வல்வில் ஓரி எய்த அம்பு குறி தப்பினதுண்டா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. தட்ட வேண்டியதுதான்.

ஆனால் அந்த அம்பு என்ன செய்ததுன்னு புறநானூறு சொல்லுது, பாருங்க. முதலில் யானை. அடுத்து புலி. அப்புறம் மான், பன்றி, கடைசியில் உடும்பு. ஓர் அம்பு, ஐந்து உயிர். ஏனய்யா, போய்ச் சேரும் இடம்தான் பெரிசுன்னா அந்த அம்பு உடும்பை மட்டுமல்லவா தொட்டிருக்கணும்? யானை எங்கே கிடைச்சது? வழியிலே! புலி எங்கே கிடைச்சது? வழியிலே! ஓரியே நம்ம கட்சி, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

நம்ம பிள்ளைங்க சனி, ஞாயிறு வந்தா வண்டியை எடுத்துக்கிட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்புறாங்க. சேலத்திலிருந்து பூம்புகார் சுமார் 300 கிலோமீட்டர். இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று நால்வழிச் சாலை. இன்னொன்று ஊர் ஊராகப் போகிற சாலை.

என் மாணவர்கள் நாலு பேர் இரண்டாவது வழியிலே போய் வந்து என்னிடம் கதை கதையாய்ச் சொன்னாங்க. ராசிபுரம் தாண்டி, பேளுக்குறிச்சி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். இடது கைப் பக்கம் கொல்லிமலை கூடவே வருமாம், வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற தாய்மாமன் மாதிரி! சாலைக்கு இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி ஆலைக் களத்திலே வெள்ளை வெளேர்னு மாவு காய்கிறது. கொஞ்ச தூரம் போனா கோழிப்பண்ணை. கண்ணை மூடிக்கிட்டுப் போனாலும் நாமக்கல் வந்தாச்சுன்னு மூக்கே சொல்லிடும்! (சிரிப்பு) காரிலே கண்ணாடியை ஏத்திவிட்டுப் போகிறவனுக்கு இது தெரியுமா? மழைக்கு முன்னாலே வருகிற மண்வாசனை, கரும்பாலைப் பக்கத்துப் பாகு வாசனை, எல்லாம் இரண்டு சக்கரத்துக்காரனுக்குத்தானே முதலிலே கிடைக்கிறது?

நாமக்கல்லிலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, மோகனூரிலே காவிரிக் கரையைப் பிடிச்சாங்க. காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி, குணசீலம் என்று வடகரையோடு திருவரங்கம். தொட்டியம் பக்கம் வாழை, முசிறிப் பக்கம் கோரைப்பாய். பிறகு கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மாயூரம், கடைசியிலே கடல்.

இந்தப் பாதை புதுசில்லை, ஐயா. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து காவிரி வடகரையோடு நடந்துதான் அரங்கத்துக்கு வந்தாங்க. அங்கே ஆற்றைக் கடந்து உறையூர் போனாங்க. இளங்கோவடிகள் என்ன செய்தார்? "கிளம்பினார்கள், மதுரை சேர்ந்தார்கள்" என்று ஒரே வரியிலே முடிச்சிருக்கலாமே! செய்யலையே! 'நாடுகாண் காதை' என்று ஒன்று, 'காடுகாண் காதை' என்று இன்னொன்று பாடி வைத்தார். வீட்டு வாசலைத் தாண்டி நடந்தறியாத கண்ணகி, சிறிது தூரம் நடந்ததுமே களைத்துப்போய், "மதுரை எது?" என்று கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிற ஊரை அருகிலே இருப்பதுபோல் சொல்லிச் சிரிக்கிறான் கோவலன், கண்ணிலே நீர். அந்த இரண்டு பேரும் மனம் ஒன்றி வாழ்ந்த நாட்கள் எங்கே? புகாரிலே மாதவி வந்தாள். மதுரையிலே கொலைவாள் வந்தது. மிச்சம் அவர்களுக்குக் கிடைச்சது அந்த வழி மட்டும்தானே! (கைதட்டல்)

பத்துப்பாட்டை எடுங்க. பத்திலே ஐந்து ஆற்றுப்படை! 'ஆறு' என்றால் வழி. வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்தவன் தமிழன். சிறுபாணாற்றுப்படையிலே கடற்கரை வழி வருகிறது. எயிற்பட்டினம் போனால் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூர் போனால் சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று புலவர் சொல்கிறார். வள்ளல் நல்லியக்கோடனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பாணனுக்கு வயிறு நிறைஞ்சு போகுது! (சிரிப்பு) மலைபடுகடாத்திலே எச்சரிக்கையும் உண்டு: பன்றிப் பொறி இருக்கும், பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவன் கவண்கல் எறிவான், பார்த்துப் போ!

அந்தப் "பார்த்துப் போ" இருக்கே, நடுவர் அவர்களே, இன்னைக்கு நான் பேச வந்ததே அதுக்குத்தான். நான் நால்வழிச் சாலைக்கு எதிரியில்லை. ஆம்புலன்ஸ் போகணும், சரக்கு போகணும். நாமக்கல் லாரி ஓடலைன்னா பாதி நாட்டுக்குச் சரக்கே போய்ச் சேராது. திங்கட்கிழமை வகுப்புக்கு வரணுமேன்னு அந்தப் பிள்ளைங்களும் திரும்பும்போது பெரிய சாலையிலேதான் வந்தாங்க. சாலையிலே குற்றமில்லை. "போய்ச் சேரணும், போய்ச் சேரணும்" என்கிற வெறி இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் மிகைவேகத்துக்குப் பலி.

இது கணக்கு. ஒரு வீட்டைச் சொல்றேன். ராசிபுரம் பக்கத்திலே ஒரு கிராமம். ஒரே பையன். கன்னியாகுமரியிலே சூரியோதயம் பார்க்கணும், விடியறதுக்குள்ளே சேர்ந்திடணும்னு நண்பர்களிடம் பந்தயம் கட்டிக்கிட்டு ராத்திரி கிளம்பினான். போய்ச் சேரலை. பதினாறாம் நாள் துக்கம் கேட்கப் போயிருந்தோம். தலைக்கவசம் வாங்கின மேனிக்குப் புதுசாக ஆணியிலே தொங்குது. அந்தத் தாய் அழுது அழுது ஓய்ஞ்ச குரலிலே ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "எங்கியாச்சும் ஒரு டீ குடிக்க நின்னிருந்தான்னா, எம் பையன் இருந்திருப்பானுங்க."

எதிரணி நண்பர்களே, ஒரு டீ குடிக்க நிற்கிற நேரம்தான் நாங்க கேட்கிற வழி. நின்னா மனுஷன் முகம் தெரியும். "எந்த ஊரு கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்பா. கை சோர்வு தீரும், கண் தெளியும், பிள்ளை வீடு திரும்பும்.

கடைசியாக ஒன்று. அந்த நாலு பேரும் பூம்புகாருக்குப் போய்ச் சேர்ந்தாங்க. அங்கே கடலிலே கலக்கிற காவிரியைப் பார்த்தா ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். போய்ச் சேரும் இடத்தை மட்டும் பார்க்கிறவன் "பூ, இதுதானா காவிரி?" என்று உதட்டைப் பிதுக்கிட்டு வந்துடுவான். கரையோடு வந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். முசிறியிலே அகண்ட காவிரியாகக் கண்டவன் அவன். கொள்ளிடமாக, வெண்ணாறாக, குடமுருட்டியாக, அரசலாறாகப் பிரிந்து, வாழைக்கும் நெல்லுக்கும் அது வாரிக் கொடுத்ததையும் பார்த்தவன். கடல் வாசலிலே அது மெலிஞ்சு நிற்கிறதைப் பார்த்ததும் அவன் கை தானாகக் கூப்பும்.

காவிரி தன் பெருமையையெல்லாம் வைத்திருப்பது வழியிலேதான். ஆகவே, பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது போகும் வழியே, வழியே என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும். பெற்றவர்களே, பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும்போது "எப்போ போய்ச் சேருவே?" என்று கேட்காதீங்க. "வழியிலே எங்கெங்கே நிற்பே?" என்று கேளுங்க. தலைக்கவசத்தை உங்க கையாலேயே எடுத்துக் கொடுங்க.

(நீண்ட கைதட்டல்)