திரைமுன் கற்றலும் இலக்கும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக நமது பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வீடுகளுட் புகுந்தன. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் அவை அகலவில்லை. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திலே தமிழ்மொழிப் பாடங்களும் உள. ஆயினும், கருவி கைக்கெட்டிய பிள்ளைகள் யாவருக்கும் கல்வி கைகூடிற்றா? இல்லையென்பதை ஆசிரியர் நன்கறிவர்.

வகுப்பறையிலே மணி ஒலிக்கின்றது. ஆசிரியர் முகம்பார்த்து வினவுகின்றார். அருகிலிருப்பவன் எழுதுவதைக் கண்டு இவனும் எழுதுகின்றான். திரைமுன்னே தனித்திருக்கும் பிள்ளைக்கு இத்துணைகள் இல்லை. அவனை வழிநடத்த வேண்டியது அவன் கொண்ட இலக்கேயாம்.

அவ்விலக்கு எத்தகையதாதல் வேண்டும்? பண்டுரா, ஷங்க் என்னும் உளவியலறிஞர் இருவர் 1981இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கணிதத்தில் நலிவும் வெறுப்பும் உடைய சிறுவர்க்கு, 7 அமர்வுகளிலே தாமாகவே கற்கும்படி 42 பக்கக் கழித்தற் கணக்குகள் கொடுக்கப்பட்டன. சிலருக்கு அமர்வொன்றுக்கு 6 பக்கம் என்பது இலக்கு. சிலருக்கு இறுதியில் 42 பக்கமும் முடித்தல் இலக்கு. சிலருக்கு இலக்கே கூறப்படவில்லை. அண்மை இலக்குடையோரே விரைந்து முன்னேறினர். தன்னம்பிக்கையும் கணக்கில் விருப்பும் அவர்களிடமே மிகுந்தன. தொலைவிலிருந்த இலக்கோ, இலக்கின்மையினும் சிறந்த பயன் தரவில்லை.

அச்சிறுவர் கற்றது கடதாசியில். நம் பிள்ளைகள் கற்பது திரையில். தனித்துக் கற்றல் இரண்டிற்கும் பொது. “சாதாரண தரத்தில் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ சித்தி” என்பது தொலைதூர இலக்கு. அது வேண்டியதே, எனினும் இன்று மாலை என்ன செய்வதென்பதை அது கூறாது. “ஒருமணிநேரம் பார்ப்பேன்” என்பதும் இலக்கன்று; அது நேரக்கணக்கு மாத்திரமே. “இக்காணொளியைக் கண்டபின், திரையைப் பாராது ஐந்து சமன்பாடுகளைக் கொப்பியிலே தீர்ப்பேன்” என்பதே இலக்கு. அடைந்தோமா, இல்லையா என்பதைப் பிள்ளை தானே அறியலாம்.

இன்னுமொன்று. திரையிலே வரும் வினாக்களுக்கு, விடைகளை மாறிமாறித் தொட்டும் சரியானதை அடைந்துவிடலாம். புள்ளி ஏறும், அறிவு ஏறாது. புள்ளியையே இலக்காகக் கொண்ட பிள்ளை அதனோடு நின்றுவிடும், விளங்கிக்கொள்ளுதலை இலக்காகக் கொண்ட பிள்ளையோ, “ஏன் பிழைத்தது?” என்று மீண்டும் பாடத்துக்குச் செல்லும்.

பெற்றோரே, பாடம் முடிந்ததும் “பார்த்தாயா?” என்று கேளாதீர்கள். “இன்று எதனைச் செய்யக் கற்றாய்? எனக்குச் செய்துகாட்டு” என்று கேளுங்கள். அதற்குப் பெரும் படிப்பும் வேண்டியதில்லை, பொருட்செலவுமில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையருகே அமர்ந்தால் அதுவே போதும்.